மேசைக்கு அடியில் கைராசி

ஜெனிஸுக்குக் கைராசி உண்டு என்று திரேஸ்புரத்தில் முதன்முதலாகச் சொன்ன புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். நவம்பர் பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பேச்சு மீன் ஏலக்கூடம், மாதா கோயில் வாசல், தண்ணீர்க் குழாய் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் கடைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஜெனிஸ் உட்கார்ந்தால் விரல் உடனே விழும். விஜிலா உட்கார்ந்தால் விழாது. விஜிலா நான்தான்.

எங்கள் கடை என்றால் தேவபிரசாதம் அண்ணாச்சியின் நெட் சென்டர். பரீட்சை விண்ணப்பம், ரயில் டிக்கெட், பட்டா நகல் என்று எல்லாம் செய்வோம். கம்ப்யூட்டர் ஒன்று, நாற்காலி ஒன்று. காலையில் ஜெனிஸ், மதியச் சாப்பாட்டுக்கு மேல் நான். வருஷம் முழுக்க ஈ ஓட்டினாலும் நவம்பரில் மட்டும் கூட்டம் வாசல் தாண்டி நிற்கும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும், புருஷன் போன பிறகு குடும்பப் பென்சன் வாங்கும் பெண்களும், தாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டிய மாதம் அது. விரல் மெஷினில் விரலை வைக்க வேண்டும். ரேகை ஒத்துப்போனால், அதைத்தான் விரல் விழுந்தது என்போம், லைஃப் சர்டிபிகேட் வரும். விழாவிட்டால் பென்சன் நின்றுவிடும்.

போனில் முகத்தைக் காட்டியே போட்டுவிடலாம் என்று இப்போது வந்துவிட்டது. ஆனால் எங்கள் பெரியவர்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. போட்டோ பிடித்த மாதிரிதானே இருக்கிறது, போட்டோவில் செத்தவர்களும்தான் இருக்கிறார்கள் என்பார்கள். விரலை வைத்து அழுத்தினால்தான் அவர்களுக்குக் காரியம் முடிந்த திருப்தி.

என்னிடம்தான் அந்தக் காரியம் முடியவில்லை. மெஷினில் சிவப்பு வெளிச்சம் எரியும். பெரியவர் விரலை வைப்பார். கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போடும். மறுபடி முயற்சி செய்யவும் என்று வரும். மறுபடி முயற்சி செய்தால் மறுபடியும் அதே வரும். நான் வேறு விரலை வைக்கச் சொல்வேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்வேன். தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு வைக்கச் சொல்வேன். ஒரு சாயங்காலத்துக்கு ஒன்றோ இரண்டோ தப்பித்தவறி விழும். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் கடற்கரையில் விரல் விழாவிட்டால் யாரும் மெஷினைக் குறை சொல்வதில்லை. விரலைத்தான் சொல்வார்கள். ஐஸில் ஊறிய விரல், உப்பளத்தில் தேய்ந்த விரல், வலைக்கயிறு அறுத்த விரல். ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் இதே பாட்டுத்தான். கேட்டுக் கேட்டு எங்களுக்கே அது பழகிவிட்டது. நானும் அதைத்தான் நம்பினேன். ஆனால் அதே தேய்ந்த விரல் மறுநாள் காலையில் ஜெனிஸிடம் வைத்த உடனே விழுந்தால் சனம் என்ன நினைக்கும்? நினைத்தது.

பிளாரன்ஸ் மாமி எங்கள் தெருதான். குடும்பப் பென்சன் வாங்குகிறவள், ஐஸ் கம்பெனியில் பாதி ஆயுசைக் கழித்தவள். ஒருநாள் மதியம் கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஜெனிசு போயிட்டாளா? அப்ப நாளைக்கிக் காலையில வாரேன்."

"நான் இருக்கேம்லா மாமி. உக்காருங்க, போட்டுப் பாப்போம்."

"நேத்துப் போட்டுப் பாத்தோம்லா." மாமி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "உன்னைய ஒண்ணும் குத்தம் சொல்லலளா. ராசின்னு ஒண்ணு இருக்குல்லா. அதுக்கு நீ என்ன செய்வ?"

அடித்திருந்தால்கூட வலித்திருக்காது. அந்தத் தட்டிக்கொடுத்தல்தான் வலித்தது.

ராசி என்ற சொல் எனக்குப் புதிதல்ல. கொஞ்ச வருஷம் முன்னால் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. எங்கள் கோயில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். எனக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதுக்குள் மாப்பிள்ளையின் அண்ணன் பைக்கோடு விழுந்து காலை முறித்துக்கொண்டான். குடித்துவிட்டு ஓட்டியவன் விழாமல் என்ன செய்வான்? ஆனால் மூன்றாவது ஞாயிறு சாமியார் வாசித்த பெயர்களில் என் பெயர் இல்லை. கோயில் நிறையச் சனம் திரும்பி என்னைப் பார்த்தது. பொண்ணு ராசி சரியில்லையாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னது அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கூடும்படி சண்டை போட்டவள் ஜெனிஸ். "கால முறிச்சது பிராந்தி. அதுக்கு எங்க விஜிலா என்னளா செய்வா?" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே கேட்டாள். பிறகு ஒரு மாசம் நான் வெளியே தலைகாட்டாமல் கிடந்தபோது வந்து வந்து கூப்பிட்டு, அண்ணாச்சியிடம் பேசி, தன்னுடைய முழுநாள் வேலையில் பாதியை எனக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் தொல்லை.

அன்றைக்கு என் பக்கம் நின்ற இன்னொருவர் என் அப்பா பவுல். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வீடு அவர் பென்சனில்தான் நடக்கிறது. அப்பா அதிகம் பேசமாட்டார். ஓலை நின்றுபோன அன்று, "போறவன் போவட்டும், விடு" என்று மட்டும் சொன்னார். அம்மாகூட அழுகையோடு அழுகையாக ராசி, கண்ணேறு என்று புலம்பினாள். அப்பா வாயிலிருந்து அந்தச் சொல் ஒருநாளும் வந்ததில்லை. அதை நம்பாதவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அது போதும் என்றுதான் நான் தலைநிமிர்ந்து தெருவில் நடந்துகொண்டிருந்தேன்.

நவம்பர் பாதி கழிந்தபோது தேவபிரசாதம் அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"இந்தக் கூட்டம் முடிஞ்சா கடையில வேல இல்ல. எல்லாரும் போன்லயே பண்ணிக்கிடுதாங்க. டிசம்பர்லருந்து கவுண்டருக்கு ஒரு ஆளு போதும். நான் ஓரவஞ்சன பண்ண மாட்டேன். சனம் யாரக் கேக்குதோ அவ இருக்கட்டும்."

சனம் யாரைக் கேட்கிறது என்று சுவருக்குக்கூடத் தெரியும். அண்ணாச்சி போனதும் ஜெனிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு சும்மா மிரட்டுதாரு. நீ மனசுல வச்சிக்கிடாத" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வழக்கம்போல மேசைக்கு அடியில் குனிந்து பையை எடுத்துக்கொண்டு போனாள்.

வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். முத்தையாபுரத்துப் பக்கம் கம்பெனிகளில் கணக்கு எழுத ஆள் எடுக்கிறார்கள், பஸ் ஏறிப் போய்வந்துவிடலாம். ஆனால் ராசியில்லாதவள் என்று தள்ளி அனுப்பிய பெயரோடு போவதற்கு எனக்கு மனசில்லை. ஒரு தடவை அந்தப் பெயரோடு வீட்டுக்குள் கிடந்தேன். இன்னொரு தடவை முடியாது.

வீட்டில் அப்பாவுக்கு இன்னும் சர்டிபிகேட் போடவில்லை. தினமும் கேட்டேன்.

"எப்பப்பா வாறீங்க? மாசம் முடியப்போவுதுல்லா."

"முட்டு வலிக்கி. கூட்டம் கொறயட்டும்."

"மதியத்துக்கு மேல கூட்டமே இல்லப்பா. என்ட்ட யாரு வாரா?"

"பாப்போம், பாப்போம்" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். வயசானால் பிடிவாதம் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் விரலும் என்னிடம் விழாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் உள்ளுக்குள் இருந்ததால் அதிகம் நச்சரிக்கவில்லை.

ஒருநாள் மதியம் கடையில் யாருமே இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்காமல் என் விரலையே மெஷினில் வைத்து ஓங்கி அழுத்தினேன். நான் ஐஸ் உடைத்தவளும் இல்லை, உப்பு வாரியவளும் இல்லை. என் ரேகை அச்சடித்ததுபோல இருக்கும். வெளிச்சம் எரிந்தது. விரல் பட்டதும் அணைந்தது. கம்ப்யூட்டர் சத்தம் போட்டது. வெளிச்சம் மறுபடி எரிந்தது.

இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்கான சத்தம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். பென் டிரைவைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் போடுமே, அதே சத்தம். ஆனால் நான் எதையும் பிடுங்கவில்லையே. அப்படியானால் விரலிலும் குற்றமில்லை, ரேகையிலும் குற்றமில்லை. விரல் படும் நேரத்தில் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருக்கிற தொடர்பே அறுந்துபோகிறது.  இதைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

முதலில் வயரை ஆட்டிப் பார்த்தேன். வயர் நன்றாகத்தான் இருந்தது. மெஷினுடைய மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு ஹப்பைப் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க ஓட்டைகளை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. அதனால் பின்னாலிருந்து ஒரு யுஎஸ்பி ஹப்பை இழுத்து மேசை மேல் ஒட்டி வைத்திருந்தோம். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், போட்டோ எடுக்கிற கேமரா, விரல் மெஷின் எல்லாம் அதில்தான் தொங்கும். மெஷினை ஹப்பின் ஒவ்வொரு ஓட்டையாக மாற்றி மாற்றிச் சொருகினேன். எல்லாவற்றிலும் அதே கதை. கேமராவைப் பிடுங்கிவிட்டு வைத்தபோது ஒரே ஒரு தடவை விழுந்தது. அடுத்த தடவை விழவில்லை.

மெஷின் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டுப் பாடிக் காத்திருக்க வைத்துவிட்டு ஒரு பெண் எடுத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல நேராப் போட்டிருக்கீங்களா மேடம், இல்ல ஹப் மூலமாவா?"

"ஹப்புலதான்."

"அந்த ஹப்புக்குத் தனியா அடாப்டர் இருக்கா?"

இருந்தது. அக்டோபர் மழையில் இடி விழுந்த அன்று கருகிப்போனது. ஹப்பில் லைட் எரியுதுல்லா, பிறகு எதுக்கு அடாப்டர் என்று அண்ணாச்சி புதிது வாங்கவில்லை. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். அடாப்டர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஒரு ஓட்டை வழியாகக் கொடுக்கிற கொஞ்ச கரண்டைத்தான் ஹப் எல்லாவற்றுக்கும் பங்கு வைக்கும். மெஷினில் வெளிச்சம் எரிய அது போதும். விரலைப் படம் பிடிக்கிற நேரத்தில் மெஷின் கூடுதலாகக் கேட்கும். அப்போது பற்றாமல் போய்த் துண்டித்துக்கொள்ளும். ஒரு ஆள் சோற்றை ஐந்து பேருக்குப் போட்ட கதைதான். "நேராச் சொருகுங்க மேடம், சரியாயிடும்" என்று வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ராசியாம், மண்ணாங்கட்டியாம். இதை முதலில் ஜெனிஸிடம் சொல்ல வேண்டும், அவள் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே மேசைக்கு அடியில் நுழைந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் நாலு ஓட்டைகள். இரண்டு துருப்பிடித்துப் பச்சை பூத்திருந்தன. ஒன்றில் ஹப் வயர். நாலாவது நல்ல ஓட்டை, காலியாக இருக்க வேண்டும். அதில் ஒரு கறுப்பு வயர் சொருகியிருந்தது. அது எங்கே போகிறது என்று கையால் தடவிக்கொண்டே போனேன். மேசைக் கால் ஓரமாக ஏறி, இழுப்பறைக்குப் பின்னால் போய், மேசைப் பலகையின் அடியில் நாற்காலிக்கு நேராக வந்து, மெஷினைச் சொருகத் தோதாக ஒரு ஓட்டையோடு முடிந்தது. பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பால் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் ஒரு ஓரம் மட்டும் பலமுறை ஒட்டி ஒட்டி எடுத்து நைந்துபோயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் குனிந்தால் கை எட்டும். வேறு யாருக்கும் தெரியாது.

விரல் மெஷினை அந்த வயரில் சொருகினேன். என் விரலை வைத்தேன். உடனே விழுந்தது. மறுபடி வைத்தேன். விழுந்தது. பத்து விரலும் விழுந்தன.

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த நாற்காலியில் என்னைத் தவிர உட்காருகிறவள் ஒருத்திதான். நான் மதியம் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் மேசைக்கு அடியில் குனிந்து பை எடுத்தது, பை எடுக்கிறதுக்கு அவ்வளவு நேரம் ஆனது, நான் உட்காரும்போது மெஷின் சமர்த்தாக ஹப்பில் சொருகியிருந்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. காலையில் வந்ததும் மெஷினை மேசைக்கு அடியில் மாட்டியிருக்கிறாள். போகும்போது எடுத்து ஹப்பில் மாட்டியிருக்கிறாள். தினமும். என் கையைப் பிடித்து மனசுல வச்சிக்கிடாத என்று சொன்ன அன்றும்.

அப்படி இருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேறு எதற்காவது போட்ட வயராக இருக்கும் என்றேன். கண்ணால் பார்க்காமல் ஜெனிஸை நினைக்கக்கூடாது என்றேன். மெஷினைப் பழையபடி ஹப்பில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போனேன். கூட்டம் வாசலில் நின்றது. உள்ளே பெஞ்சில், நாத்தனாருக்குத் துணையாக வந்த பிளாரன்ஸ் மாமி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மடியில் பிளாஸ்டிக் உறையோடு என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா என்னைப் பார்த்ததும் உறையைச் சட்டைக்கு அடியில் தள்ளப் பார்த்தார். முட்டு வலிக்கு வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு எனக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பியவர்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அப்படியே…" என்றார்.

மாமி என் முகத்தைப் பார்க்காமல் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.  நான் அப்பாவைக் கடந்து ஜெனிஸ் முன்னால் போய் நின்றேன். விரல் மெஷினின் வயர் ஹப்புக்குப் போகவில்லை. மேசை விளிம்பில் வளைந்து கீழே போயிருந்தது.

"எந்திரி" என்றேன்.

"என்னளா, இந்நேரத்துல?"

"எந்திரிளா."

அவள் எழுந்தாள். நான் குனிந்து டேப்பைக் கிழித்து, கறுப்பு வயரை வெளியே இழுத்து எல்லோரும் பார்க்கும்படி மேசை மேல் போட்டேன். மெஷினை அதிலிருந்து பிடுங்கி ஹப்பில் சொருகி என் விரலை வைத்தேன். கம்ப்யூட்டர் சத்தம் போட்டது. மறுபடி கறுப்பு வயரில் சொருகி வைத்தேன். உடனே விழுந்தது. சத்தத்தைக் கேட்டு உள்ளறையிலிருந்து அண்ணாச்சியும் வந்துவிட்டார்.

"இதான் இவ கைராசி" என்றேன். "காலையில இங்கன மாட்டுவா. போம்போது கழத்தி, எனக்குன்னு ஹப்புல மாட்டி வச்சிட்டுப் போவா. கேளுங்க."

ஜெனிஸ் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மொதல்ல சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் மெதுவாக. "வயர் போட்ட அன்னைக்கே ஒரு ஆச்சி என் கையப் புடிச்சி முத்தங் குடுத்துட்டா. எல்லாரும் ராசின்னு சொல்லுதாங்க. நானா சொன்னேன்? பொறவு அண்ணாச்சி ஒரு ஆளு போதும்னுட்டாரு. உனக்கு உங்கப்பா பென்சன் வருது. எனக்கு யாரு இருக்கா?"

"வேலை வேணும்னா என்ட்டக் கேட்டிருக்கலாம்லா. நானே விட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பேன். என்னைய ராசியில்லாதவன்னு ஊரு சொல்லும்போது பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியே. அந்தச் சொல்லு எனக்கு என்ன செஞ்சிச்சுன்னு உன்னைய விட யாருக்குளா தெரியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதலில் வாயைத் திறந்தவர் அண்ணாச்சி. "அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கா? நான் புதுசு வாங்கணுமோன்னு பயந்துட்டேன்" என்றார். அவருக்கு அவர் கவலை.

பிளாரன்ஸ் மாமி வயரை எட்டிப் பார்த்தாள். "வயரோ என்னமோ போ. அது அவ கண்ணுக்குத்தான மொதல்ல தெம்பட்டிருக்கு? அதைத்தான் ராசிங்கோம்."

பெஞ்சில் இருந்தவர்கள் ஆமாம் என்பதுபோல முனகினார்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல வந்தது.

அண்ணாச்சி கையை உயர்த்தினார். "சரி, காலங்காத்தால சண்ட வேண்டாம். விஜிலா, நீ உக்காரு. நீயே ஒரு விரல் போட்டுக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும். விழுந்துச்சுன்னா சனத்துக்கும் வெளங்கும், டிசம்பருக்கு ரெண்டு பேரையுமே வச்சிக்கிடலாமான்னு நானும் யோசிக்கேன். அடுத்து யாரு?"

அடுத்து என் அப்பா.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெனிஸ் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கூட்டம் வழிவிட்டது. அப்பா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் அவருடைய பென்சன் எண்ணை அடித்தேன். அவர் பெயர் திரையில் வந்தது. இவர் இங்கே எதற்கு வந்தார், யாரிடம் வந்தார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு மறந்தே போயிற்று. இவர் விரல் என் கையால் விழப்போகிறது, எல்லோரும் பார்க்கப்போகிறார்கள், இதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று மட்டும்தான் இருந்தது. வயர் மேசை மேல் பட்டவர்த்தனமாகக் கிடந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

"வைங்கப்பா."

அப்பா விரலை வேட்டியில் துடைத்தார். மெஷினுக்கு மேலே கொண்டுபோனார். வைக்காமல் அப்படியே நிறுத்தி, வாசல் பக்கம் திரும்பினார்.

"ஜெனிசு, போயிராதம்மா. கொஞ்சம் இங்கன வந்து நில்லு."

ஜெனிஸ் படியில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். 'நான் எதுக்கு மாமா, வயருதான் காரணம், விஜிலாவே போடுவா' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். அது அவளுக்கும் தெரியும். அவளும் என்னைத்தான் பார்த்தாள், கொஞ்ச நேரம். பிறகு பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவள் துப்பட்டா என் தோளில் பட்டது.

அப்பா கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டு, விரலை வைத்தார். உடனே விழுந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜெனிஸை நிமிர்ந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என்னிடம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, பிரியமாகத்தான் சொன்னார்.

"பாத்தியாளா? இதுக்குத்தான் நான் உன்ட்ட வரல."